முதல்ல எந்தப் பார்ட் வாங்கலாம்? ஒரு பழைய பத்மினி எனக்குச் சொன்ன பதில்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

போன வாரம் டேட்டாபேஸ் பேசினோம், இந்த வாரம் கார். ரொம்ப நாளா மெயில்ல வந்துட்டே இருக்கிற ஒரு கேள்வி: "வீட்டுல பழைய கார் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் பவர் ஏத்தணும். முதல்ல என்ன பார்ட் வாங்கலாம்?"

இதுக்கு ஒரே வரியில பதில் இருக்கு. ஆனா அந்த வரியை இப்பவே சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நானும் நம்பியிருக்க மாட்டேன். அதனால முதல்ல கதை.

ஒன்பதாவது வளைவு

எங்க அம்மாவோட அப்பா 1977-ல வாங்கின பிரீமியர் பத்மினி, சேலத்துல வீட்டு ஷெட்ல நின்னுட்டு இருந்துச்சு. க்ரீம் கலர், ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர் லிவர். தாத்தா போனதுக்கு அப்புறம் பத்து வருஷம் யாரும் ஓட்டல. வித்துடலாம்னு மாமா சொன்னப்ப, "அப்பா என்னைக் காலேஜ்ல கொண்டுபோய் விட்ட வண்டி, அது பாட்டுக்கு இருக்கட்டும்"னு அம்மாதான் தடுத்தாங்க. நான் சென்னையில வேலை பார்க்கிறேன். மாசத்துல ரெண்டு வீக்கெண்ட் சேலம் போய் வண்டியை உயிர்ப்பிக்க ஆரம்பிச்சேன்.

வண்டி ஓட ஆரம்பிச்சதும் ஆசை வந்துடுச்சு. யூடியூப், ஃபேஸ்புக் குரூப், பழைய பார்ட்ஸ் விக்கிறவங்க நம்பர். மூணே மாசத்துல 45,000 ரூபாய் போச்சு. பெரிய இன்ஜின் வண்டியில இருந்து கழட்டின இரட்டை பேரல் கார்புரேட்டர், அதை உட்கார வைக்க அடாப்டர் பிளேட், ரெண்டு இன்ச் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், கோன் ஃபில்டர். சத்தம் பிரமாதமா இருந்துச்சு. தெருவுல திரும்பிப் பார்த்தாங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் சித்தியையும் ஏத்திக்கிட்டு ஏற்காடு போனேன். ஏறும்போது வண்டி திணறுச்சு, இருந்தாலும் ஏறிடுச்சு. இறங்கும்போதுதான் விஷயம். புது கார்புரேட்டரோட ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜின் தடுமாறும்; சில சமயம் நின்னே போயிடும். நின்னுடக் கூடாதேன்னு வளைவுக்கு வளைவு கிளட்ச்சை மிதிச்சு, இன்ஜினை உறுமவிட்டு உயிரோட வச்சிருந்தேன். அதாவது மலை இறக்கத்துல இன்ஜின் பிரேக்கிங்கை நானே கழட்டி வச்சுட்டு, மொத்தச் சுமையையும் பிரேக் மேல போட்டுட்டேன்.

ஏற்காடு சாலையில 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கு. நான் இறங்கும்போது எண்ணினதுல ஒன்பதாவது வளைவுக்கு முன்னாடி பெடல் கீழே வரைக்கும் போச்சு. வண்டி நிக்கல. கருகின வாசனை. பம்ப் பண்ணி, செகண்ட் கியரை அடிச்சுப் போட்டு, மலைப் பக்கம் இருந்த மண்மேட்டுல உரசி நிறுத்தினேன். யாருக்கும் அடி இல்ல. அம்மா ஒண்ணும் திட்டல. கீழ இறங்கி ரோட்டோரக் கல்லுல உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் சித்தியோட பஸ்ல போயிட்டாங்க.

கார்புரேட்டர்ல பண்ண தப்பு பிரேக்ல வந்து நின்னுச்சு. இன்னைக்கு எபிசோட் முழுக்க இதைப் பத்திதான். ஒரு காருல எந்தப் பார்ட்டும் தனியா வேலை செய்யறதில்ல.

"மருந்து வாங்கிட்டீங்க, வியாதி என்ன?"

சேலத்துல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் இருக்கார். எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவாங்க. எழுபதைத் தாண்டினவர். இளவயசுல சோழவரம் ரேஸுக்கு ஹெல்பரா போன ஆள். வண்டியை அவர்கிட்ட கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து அந்த கார்புரேட்டரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தம்பி, மருந்தெல்லாம் வாங்கிட்டீங்க. வியாதி என்னன்னு பார்த்தீங்களா?"

பார்க்கல. நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆபீஸ்ல ஒரு ப்ரோக்ராம் மெதுவா ஓடுதுன்னா முதல்ல ப்ரொஃபைல் பண்ணுவேன், நேரம் எங்க போகுதுன்னு அளப்பேன். யாராவது அளக்காம கோடை மாத்தினா ரிவ்யூல விட மாட்டேன். ஆனா சொந்தக் காருல ஒரு அளவுகூட எடுக்காம 45,000 ரூபாய்க்குப் பார்ட்ஸ் மாட்டியிருந்தேன்.

பாய் எடுத்தது ஒரு கம்ப்ரஷன் கேஜ். செய்முறை எளிது. இன்ஜினைச் சூடாக்கணும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டணும். காயில் வயரை எடுத்துடணும். ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை வச்சு அஞ்சாறு சுத்து செல்ஃப் அடிக்கணும். எங்களுக்குக் கிடைச்சது: 130, 128, 92, 126 பி.எஸ்.ஐ.

மூணாவது சிலிண்டரைப் பாருங்க. பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தாலே யோசிக்கணும். இங்க முப்பது சதவீதம். அந்தப் பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ஆயில் விட்டதும் அளவு ஏறினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், ஏன்னா ஆயில் தற்காலிகமா அந்த இடைவெளியை அடைக்கும். ஏறலைன்னா பெரும்பாலும் வால்வு. எனக்கு ஏறல. ஹெட்டைக் கழட்டிப் பார்த்தா எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்துல கருகி இருந்துச்சு.

ஆக, நாலு சிலிண்டர்ல ஒண்ணு அரைகுறையா வேலை செஞ்ச இன்ஜினுக்குத்தான் நான் ரேஸ் கார்புரேட்டர் வாங்கியிருக்கேன். வால்வு, சீட் கட்டிங், கேஸ்கெட், எல்லா வால்வுக்கும் க்ளியரன்ஸ் செட்டிங். மொத்தம் 45,000-ல அஞ்சுல ஒரு பங்குகூட ஆகல. வண்டியில வித்தியாசம் முதல் கிலோமீட்டர்லயே தெரிஞ்சுச்சு.

இன்ஜின் எவ்வளவு மூச்சு விடும்?

அடுத்து, அந்தப் பெரிய கார்புரேட்டர் ஏன் தப்பு? இதைக் கணக்காவே போட்டுடலாம். இன்ஜின்ங்கிறது அடிப்படையில ஒரு காத்துப் பம்ப். பத்மினியில சிலிண்டரோட விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் நகர்ற தூரம் 75 மில்லிமீட்டர். நாலு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டா 1,089 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் முழுசா மூச்சு இழுக்கும். 5,500 ஆர்.பி.எம்-ல நிமிஷத்துக்குச் சுமார் 3,000 லிட்டர். ஆனா எந்தச் சாதாரண இன்ஜினும் முழுசா நிரம்பாது. எண்பது சதவீதம் நிரம்புதுன்னு வச்சுக்கிட்டா 2,400 லிட்டர். கார்புரேட்டர் விக்கிறவங்க சொல்ற சி.எஃப்.எம் அளவுல அது சுமார் 85.

நான் மாட்டினது இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல காத்து விடக்கூடியது. "அதிகமா இருந்தா நல்லதுதானே?" அப்படித்தான் நானும் நினைச்சேன். கார்புரேட்டருக்குள்ள வெஞ்சுரின்னு ஒரு குறுகலான கழுத்து இருக்கு. காத்து அதுல வேகமா போகும்போது அழுத்தம் குறையும். அந்தக் குறைஞ்ச அழுத்தம்தான் பெட்ரோலை ஜெட் வழியா மேல இழுத்து, துளித்துளியா சிதறடிக்கும். கழுத்து பெருசானா, குறைந்த ஆர்.பி.எம்-ல காத்து சோம்பேறித்தனமா போகும். இழுவை பத்தாது. பெட்ரோல் பெரிய துளிகளா விழும், இல்லைன்னா வரவே வராது. ஏற்காடு வளைவுல என் இன்ஜின் தடுமாறினதுக்குக் காரணம் இதுதான். ரெண்டு இன்ச் எக்ஸாஸ்டும் இதே கதை. குழாய் அளவுக்கு மீறிப் பெருசானா புகையோட வேகம் குறையும். போற புகை அடுத்த புகையை இழுத்துக்கிட்டுப் போற வேலை நடக்காது.

ரேஸ் வண்டிக்குச் சரியானது நமக்கு ஏன் சரியில்ல?

அப்ப பெரிய கார்புரேட்டர் எல்லாம் ஏமாத்தா? இல்ல. இடம்தான் வேற.

சென்னைக்கு வடக்கே சோழவரத்துல இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு இருந்துச்சு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கதான் ரேஸ் நடத்துச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்ததும் பந்தயம் அங்க மாறிடுச்சு. சோழவரத்துல ஃபியட்டும் ஓடியிருக்கு, ஹெரால்டும் ஓடியிருக்கு. விமானம் ஓடின நேர்ரோடு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அங்க ஓடுற வண்டி 3,000 ஆர்.பி.எம்-க்குக் கீழ வரவே தேவையில்ல. ஐடிலிங் எப்படி இருந்தாலும் கவலையில்ல. நம்ம வண்டி அஞ்சு ரோடு சிக்னல்ல ஏசி பஸ் பின்னாடி நிக்கணும்.

கேம்ஷாஃப்ட்டை எடுத்துக்கோங்க. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு முடிவு பண்றது அதுதான். ரேஸ் கேம் வால்வை ரொம்ப நேரம் திறந்து வைக்கும். அதிக ஆர்.பி.எம்-ல காத்துக்கு ஒரு உந்துவிசை இருக்கும், அதனால பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் காத்து உள்ளே வந்துட்டே இருக்கும். சிலிண்டர் நல்லா நிரம்பும். குறைந்த ஆர்.பி.எம்-ல அந்த உந்துவிசை கிடையாது. திறந்திருக்கிற வால்வு வழியா உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் வெளியே தள்ளிடும். கம்ப்ரஷன் குறையும், இழுவை போயிடும். அதைச் சரிக்கட்ட கம்ப்ரஷன் ரேஷியோவை ஏத்தணும். ஏத்தினா இக்னிஷன் டைமிங்கை மாத்தணும், பெட்ரோல் தரத்தைப் பார்க்கணும். பவர் மேல போனதால கியர் ரேஷியோவும் அதுக்கு ஏத்த மாதிரி வேணும். ஒரு கேம் வாங்கினோம்னா உண்மையில அஞ்சு பார்ட் வாங்கினதா அர்த்தம். மத்த நாலுக்கும் இன்னும் பில் வரல, அவ்வளவுதான்.

பாய் கேட்ட ரெண்டாவது கேள்வி இதுதான்: "வண்டி எதுக்கு தம்பி?" நான், "அம்மாவை ஏத்திக்கிட்டுப் போக, அப்பப்ப ஹைவேல ஓட்ட"ன்னேன். "அப்ப 2,000-லிருந்து 4,000 ஆர்.பி.எம் வரைக்கும் நல்லா இழுத்தா போதும். அதுக்கு மேல நடக்குறது உங்களுக்கு வேண்டாம்"னார்.

மினி கூப்பரைப் பாருங்க

தெரிஞ்சவங்க செய்யும்போது இது எப்படி இருக்கும்? இங்கிலாந்துல 1959-ல வந்த மினியில 848 சிசி இன்ஜின், 34 குதிரைத்திறன். ரேஸ் கார் கட்டுறவரான ஜான் கூப்பர் அதுல ஒரு வேகமான வண்டி ஒளிஞ்சிருக்குன்னு பார்த்தார். 1961-ல மினி கூப்பர் வந்துச்சு. 997 சிசி, ரெண்டு எஸ்.யூ கார்புரேட்டர், ஏத்தின கம்ப்ரஷன், நெருக்கமான கியர் ரேஷியோ, 55 குதிரைத்திறன்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாரும் பேசுறது. பட்டியல்ல இன்னொண்ணும் இருக்கு: முன் சக்கரத்துல டிரம் பிரேக்கை எடுத்துட்டு டிஸ்க் பிரேக் போட்டாங்க. பவர் கூடின அதே நாள், அதே வண்டியில பிரேக்கும் கூடிச்சு. அந்தப் பரம்பரையில வந்த கூப்பர் எஸ் 1964, 1965, 1967-ல மான்டி கார்லோ ராலியை ஜெயிச்சது. பனி, மலை, வளைவு. நிறுத்தத் தெரியாத வண்டி அங்க ஜெயிக்காது.

இறக்கத்துல பிரேக்குக்கு என்ன ஆகுது?

இப்ப என் தப்போட அளவைக் கணக்குல பார்ப்போம். பத்மினி சுமார் 900 கிலோ. ஆளுங்களோட 1,100 கிலோன்னு வைங்க. 60 கி.மீ வேகத்துல இருந்து முழுசா நிறுத்த, பிரேக் ஏறக்குறைய 153 கிலோஜூல் ஆற்றலை வெப்பமா மாத்தணும். 80 கி.மீ-ல இருந்துன்னா 272. வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடிச்சு, வெப்பம் முக்கால் பங்குக்கு மேல கூடிச்சு.

இப்ப மலை. ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு 1,200 மீட்டர் உயர இறக்கம். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கினா வெளியாகிற ஆற்றல் சுமார் 1 கோடியே 29 லட்சம் ஜூல். அதாவது 60 கி.மீ-ல இருந்து எண்பது தடவைக்கு மேல முழுசா நிறுத்துறதுக்குச் சமம். காத்தும் டயர் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கும். மீதியை இன்ஜின் தாங்கணும், இல்லைன்னா பிரேக் தாங்கணும். நான் இன்ஜினைத்தான் கழட்டி வச்சுட்டேனே.

பத்மினியில நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். டிரம் சூடானா வெளிப்பக்கம் விரியும், அதாவது ஷூவை விட்டு விலகும். அதனாலதான் பெடல் கீழே போய்க்கிட்டே இருக்கும். கூடவே லைனிங்கோட பிடிமானமும் சூட்டுல குறையும். இன்னொண்ணு பிரேக் ஆயில். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தா கொதிநிலை 140 வரைக்கும் இறங்கிடும். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி. ஆவியை அமுக்கலாம், அதனால நீங்க மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது. என் வண்டியில இருந்த பிரேக் ஆயில் எந்த வருஷத்துதுன்னு எனக்கே தெரியாது.

அதனால பவருக்கு ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது: டிரம்மை லேத்துல வச்சு வட்டம் சரியா இருக்கான்னு பார்க்கணும், நல்ல லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர், புது ஹோஸ், புது ஆயில், நாலு நல்ல டயர். பழைய நைலான் டயரை ரேடியலா மாத்தினா நாலையும் சேர்த்து மாத்துங்க. பெரிய ரிம் போடணும்னு ஆசை வந்தா ஒண்ணு ஞாபகம் வைங்க. டயரோட மொத்த விட்டம் அஞ்சு சதவீதம் கூடினா, எல்லா கியரும் அஞ்சு சதவீதம் உயரமாகும். நாப்பது குதிரைத்திறன் வண்டியில அந்த இழப்பு நல்லாவே தெரியும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இப்ப வர்ற பெட்ரோல்

பழைய கார் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது. இப்ப பங்க்ல வர்ற இ20 பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால். சுத்தமான பெட்ரோல் முழுசா எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 போதும். கலந்து கணக்குப் போட்டா இ20-க்குச் சுமார் 13.5. புது கார்ல கம்ப்யூட்டர் இதைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கும். கார்புரேட்டருக்கு அந்த புத்தி கிடையாது. அதனால உங்க பழைய வண்டி, நீங்க எதையுமே தொடாமலே, எட்டு சதவீதம் பட்டினியா ஓடிக்கிட்டு இருக்கு. இன்ஜின் தடுமாறும், சூடாகும், காலையில ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

தீர்வு சின்னது. கார்புரேட்டர் மெயின் ஜெட்ல இருக்கிற எண், ஓட்டையோட விட்டம்; மில்லிமீட்டர்ல நூறில் பங்கு. 120-ன்னா 1.20 மில்லிமீட்டர். ஓட்டையோட பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல கூடும். 120-க்குப் பதில் 125 போட்டா பரப்பு எட்டரை சதவீதம் கூடும். இ20 கேக்கிற அளவு கிட்டத்தட்ட அதேதான். ஒரு பித்தளைத் துண்டு, சில நூறு ரூபாய். கூடவே பெட்ரோல் ஹோஸ், மெக்கானிக்கல் பம்ப்போட டயாஃப்ரம் ரெண்டையும் எத்தனால் தாங்குற ரப்பருக்கு மாத்திடுங்க. வண்டியை மாசக்கணக்குல நிறுத்தி வைக்காதீங்க. எத்தனால் தண்ணியை இழுக்கும்.

எக்ஸாஸ்ட்ல வைட்பேண்ட் சென்சார் வச்சு அளக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மீட்டர் பெட்ரோல் கணக்குல எண் காட்டும். இ20-க்கு அந்த எண்ணை அப்படியே நம்பாதீங்க, லாம்டாவுக்கு மாத்திக்கோங்க. எந்த எரிபொருளா இருந்தாலும் லாம்டா ஒண்ணுன்னா சரியான கலவை. முழு ஆக்ஸிலரேட்டர்ல கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேணும், அதாவது ஒண்ணுக்குக் கீழ.

எந்த வரிசையில செய்யணும்?

பாய் என் வண்டிக்குப் போட்ட வரிசையைச் சொல்றேன்.

ஒண்ணு, இன்ஜின் ஆரோக்கியம். கம்ப்ரஷன், வால்வு க்ளியரன்ஸ், காத்துக் கசிவு, ரேடியேட்டர்.

ரெண்டு, பிரேக், டயர், ஸ்டீயரிங் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர்.

மூணு, இக்னிஷன். காசு குறைவு, பலன் அதிகம். தேய்ஞ்ச பாயின்ட்டை மாத்தி, டைமிங் லைட் வச்சு பார்த்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே இருக்கிற சின்ன எடைகள் துருப்பிடிச்சு இறுகியிருந்துச்சு. ஆர்.பி.எம் ஏற ஏற ஸ்பார்க் முன்கூட்டியே வரணும். என் வண்டியில வரவே இல்ல. சுத்தம் பண்ணி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டதுல கிடைச்ச இழுவை, மொத்த ஃப்ரீ ஃப்ளோ செட்ல கிடைக்கல.

நாலு, கார்புரேட்டர். பழைய சோலெக்ஸையே கழுவி, புது கேஸ்கெட், ஒரு நம்பர் பெரிய ஜெட்.

அஞ்சாவதாத்தான் இன்ஜினோட குணத்தை மாத்துற வேலை வருது. கம்ப்ரஷன் ஏத்துறது, கேம், ஹெட் போர்ட்டிங். அதுலயும் அளந்துட்டுத்தான் செய்யணும். ஒரு உதாரணம். பத்மினியோட ஒரு சிலிண்டர் 272 சிசி. ரேஷியோ எட்டுன்னா, மேல மிச்சம் இருக்கிற அறை 39 சிசி. ஒன்பதாக்க அது 34 ஆகணும். அஞ்சு சிசி குறைக்கணும். ஹெட்டை ஒரு மில்லிமீட்டர் சீவினா அதிகபட்சம் 3.6 சிசிதான் குறையும், அறை சின்னதா இருந்தா அதைவிடக் கம்மி. அதனால ஹெட்டைக் கவிழ்த்து, மேல ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு வச்சு, சிரிஞ்சுல மண்ணெண்ணெய் ஊத்தி நாலு அறையையும் அளந்து பார்ப்பாங்க. சீவின உலோகம் திரும்ப வராது. ரோல்பேக் இல்லாத டெப்லாய்மென்ட் அது. நான் அந்த அஞ்சாவது படிக்குப் போகவே இல்ல.

எல்லாப் படிக்கும் பொதுவான விதி: ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். மாத்தினதும் அளக்கணும், நோட்டுல எழுதணும். நான் அளந்தது எளிமையானது. காலி ரோடு, விடியற்காலை, டாப் கியர்ல 40-லிருந்து 80 கி.மீ வர எத்தனை நொடி. ரோட்டுல சரிவு இருக்கலாம். அதனால போக ஒரு தடவை, வர ஒரு தடவை, சராசரி. பெரிய கார்புரேட்டரும் ரெண்டு இன்ச் குழாயுமா இருந்தப்ப 23 நொடி. நாலாவது படி முடிஞ்சப்ப, பழைய சோலெக்ஸோட, 18.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தி ரோட்டுல ஓட்ட முடியாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. தேய்ஞ்சதை அதே அளவுல புதுசா மாத்துறது பராமரிப்பு. வண்டியோட அமைப்பையே மாத்தினா அதுக்கு அனுமதி வேணும், இன்ஷூரன்ஸுக்கும் தெரியணும். ரேஸ் வண்டின்னா ட்ரெய்லர்ல வந்து ட்ரெய்லர்லயே போகணும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு. 2021-ல வந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி அம்பது வருஷம் தாண்டின கார்களை விண்டேஜ்னு தனியா பதிவு பண்ணலாம், நம்பர்ல 'வி.ஏ' எழுத்தோட. ஆனா வண்டி பெரிய மாற்றம் இல்லாம மூல வடிவத்துல இருக்கணும். தாத்தா வண்டி 1977. அம்பது தொடுற நேரம். ஹெட்டைச் சீவி, பாடியை வெட்டி, புது இன்ஜின் வச்சிருந்தா அந்தக் கதவை நானே சாத்தியிருப்பேன். அதனால கழட்டின ஒரிஜினல் பார்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க. துணியில சுத்தி, பேர் எழுதி வைங்க.

அந்த ஒரு வரி

இரட்டை பேரல் கார்புரேட்டரை, அது பொருந்துற இன்ஜின் வச்சிருக்கிற ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். பாதி விலைதான் கிடைச்சது. சத்தம் போச்சு, இப்ப தெருவுல யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. இதுக்கு நடுவுல தனியா ரெண்டு தடவை ஏற்காடு போய் வந்துட்டேன். ஏறின கியர்லயே இறங்கினேன். பெடல் கடைசி வளைவு வரைக்கும் மேலயே இருந்துச்சு.

அம்மாகிட்ட அதைச் சொன்னேன். ஒண்ணும் சொல்லல. போன மாசம் காலையில நான் வண்டியை எடுக்கும்போது, கூடையோட வந்து முன் சீட்டுல உட்கார்ந்தாங்க. "உழவர் சந்தை வரைக்கும் போ. மலைக்கு எல்லாம் அப்புறம் பார்க்கலாம்"னாங்க. இப்போதைக்கு எனக்கு அது போதும்.

சரி, கேள்விக்கு வருவோம். பழைய காருக்கு முதல்ல எந்தப் பார்ட் வாங்கலாம்? கம்ப்ரஷன் கேஜ். ஆயிரம் ரூபாய் பக்கம் வரும். அது கார்ல மாட்டுற பார்ட்டே இல்ல. ஆனா அடுத்து எதை வாங்கணும், முக்கியமா எதை வாங்கக் கூடாதுன்னு அதுதான் சொல்லும்.

நீங்க எடுத்த நாலு எண்ணையும் எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்ப்போம். பத்திரமா ஓட்டுங்க மக்களே.